நோய்த்தொற்றுத் தடுப்பில் மிச்சம் பிடிக்கும் பணம்: பல் மருத்துவமனைகள் குறித்து எங்கள் நிலைப்பாடு

பல் சிகிச்சையில் கருவிகளைக் கிருமிநீக்கம் செய்யும் செலவு, சிகிச்சைக் கட்டணத்தின் பிரிக்க முடியாத பகுதி. அந்தச் செலவை வெட்டிக் கட்டணத்தைக் குறைத்தாலும், வெட்டி லாபத்தைக் கூட்டினாலும் இரண்டும் எங்கள் பார்வையில் ஒரே குற்றம். கிளினிக் நடத்துபவர் இதில் மிச்சம் பிடிக்கும் பணம் மறைந்துபோவதில்லை. நோயாளியின் குடும்பத்தின் மீதும், கருவி கழுவும் உதவியாளரின் மீதும், அரசு மருத்துவமனையின் மீதும் அது பல மடங்காக ஏறுகிறது. பல் மருத்துவர்களும் நோய்த்தொற்றுத் தடுப்புப் பணியாளர்களும் சேர்ந்த எங்கள் அமைப்பு, இந்தச் செலவுமாற்றத்தை இனி ஏற்க முடியாது என்று பொதுவெளியில் அறிவிக்கிறது.

இதைச் சொல்ல வெளிநாட்டு உதாரணம் தேட வேண்டியதில்லை. 2022–23-ல் மூளையைத் தாக்கும் மெலியாய்டோசிஸ் நோயோடு வேலூர் சி.எம்.சி. மருத்துவமனைக்கு வழக்கத்துக்கு மாறாகப் பலர் வந்தனர். மண்ணிலும் நீரிலும் வாழும் ஒரு பாக்டீரியா உண்டாக்கும் நோய் இது. அவர்களில் 10 பேர் வாணியம்பாடியில் ஒரே பல் கிளினிக்கில் சிகிச்சை பெற்றவர்கள் என்பது விசாரணையில் தெரிந்தது. அந்தப் பத்துப் பேரில் 8 பேர் இறந்துவிட்டனர். சி.எம்.சி.யும், சென்னையில் உள்ள தேசிய நோய்ப்பரவியல் நிறுவனமும், மாநிலப் பொதுச் சுகாதாரத் துறையும் சேர்ந்து ஆராய்ந்தபோது, அங்கே பயன்பாட்டில் இருந்த சலைன் பாட்டிலிலேயே அந்தக் கிருமி கிடைத்தது. ஈறை எலும்பிலிருந்து விலக்கப் பயன்படும் பெரியாஸ்டியல் எலிவேட்டரால் பாட்டிலைத் திறந்திருக்கிறார்கள். மீதிச் சலைனைப் பஞ்சால் அடைத்து வைத்து அடுத்தடுத்த நோயாளிகளுக்கும் பயன்படுத்தியிருக்கிறார்கள். ஆய்வு முடிவு 2025-ல் லான்செட் குழும இதழ் ஒன்றில் வெளியான பிறகுதான் இந்த விவரங்கள் பரவலாகத் தெரிந்தன.

அரை லிட்டர் சலைன் பாட்டிலின் விலை நூறு ரூபாய்க்குள் அடங்கும். ஒருவருக்குப் பயன்படுத்தியதில் மீதியைக் கொட்டிவிட்டு அடுத்தவருக்குப் புதிதாகத் திறப்பதுதான் முறை. நூறு மில்லி பாட்டில் வாங்கினால் கொட்டுவதும் குறையும். இந்தச் சிறு தொகைக்கு எதிர்ப்பக்கம் என்ன இருக்கிறது என்று பாருங்கள். மூளைக்குப் பரவிய மெலியாய்டோசிஸுக்கு மெரோபெனம், செஃப்டாசிடிம் போன்ற ஊசி மருந்துகளை வாரக்கணக்கில், பொதுவாக இரண்டு மாதம் வரை, சிரை வழியாகச் செலுத்த வேண்டும். அதன் பின் ஆறு மாதம் மாத்திரை. தீவிர சிகிச்சைப் பிரிவு, ஸ்கேன்கள், கூடவே இருந்து பார்ப்பவரின் வேலையிழப்பு எல்லாம் தனி. பல்வலிக்காகப் போனவரின் வீட்டில் நகை அடகுக்குப் போகிறது. அத்தனையும் செய்த பிறகும் உயிர் மிஞ்சவில்லை என்றால், சம்பாதித்துப் போட்ட கையும் அந்த வீட்டுக்கு இல்லாமல் போகிறது. இந்தச் செலவுகளில் ஒன்றுகூட எந்தக் கிளினிக்கின் கணக்குப் புத்தகத்திலும் ஏறாது. நாங்கள் முன்வைக்கும் அடிப்படைக் குறை இதுதான்.

கிளினிக்கின் கணக்குக்கே வருவோம். மிச்சம் பிடிப்பது பெரும்பாலும் அழுத்த நீராவியால் கிருமிநீக்கம் செய்யும் ஆட்டோகிளேவில் என்று வெளியிலிருப்பவர்கள் நினைக்கிறார்கள். ஒன்றரை லட்சம் ரூபாய்க்கு ஒரு நல்ல ஆட்டோகிளேவ் வாங்கி, ஆண்டுக்கு 300 நாள் வீதம் ஐந்தாண்டு ஓட்டினால் ஒரு நாளைக்கு 100 ரூபாய் ஆகிறது. தினம் பத்து நோயாளிகள் வந்தால் தலைக்கு 10 ரூபாய். இதைத் தாங்க முடியாத கிளினிக் அநேகமாக இல்லை. உண்மையான இடறல் கருவிகளின் எண்ணிக்கையில் இருக்கிறது. கழுவி, உறையிலிட்டு, 134 டிகிரியில் வைத்து, உலர்த்தி எடுக்க ஒரு சுற்றுக்கு முக்கால் மணி நேரம்போல ஆகிவிடும். பல்லைத் துளைக்கும் ஹேண்ட்பீஸ் கையில் இரண்டே இருக்கும்போது வெளியே ஆறு பேர் காத்திருந்தால் என்ன நடக்கும்? ஸ்பிரிட் பஞ்சால் துடைத்துவிட்டு அடுத்தவர் வாயில் வைப்பார்கள். சுழல்வது நிற்கும் கணத்தில் ஹேண்ட்பீஸ் எச்சிலையும் இரத்தத்தையும் உள்ளே இழுத்துக்கொள்ளும். மேலே துடைப்பது உள்ளே எட்டாது. அடிக்கடி சூடாக்கினால் டர்பைன் கெட்டுவிடும் என்ற சாக்கும் தொழிலில் உண்டு. ஒவ்வொரு முறையும் எண்ணெய் விட்டுப் பராமரித்தால் தாங்கும். அப்படியே சீக்கிரம் தேய்ந்தாலும் அந்தத் தேய்மானமும் தொழிலின் செலவுதான்.

ஒரு நாளில் எத்தனை பேருக்கு ஹேண்ட்பீஸ் தேவைப்படுகிறதோ, அத்தனைக்கும் கிருமிநீக்கச் சுற்றின் நேரத்துக்கும் ஈடுகொடுக்கும் அளவுக்குக் கருவித் தொகுப்புகள் இல்லாத கிளினிக், அன்றைய நோயாளிகளின் எண்ணிக்கையைக் குறைத்துக்கொள்ள வேண்டும் என்பது எங்கள் நிலைப்பாடு. இது இலவசப் பல் முகாம்களுக்கும் பொருந்தும். ஒரே நாளில் இத்தனை பல் எடுத்தோம் என்று பதாகை வைக்கும் வழக்கத்தைக் கைவிடுமாறு எங்கள் உறுப்பினர்களைக் கேட்டுக்கொள்கிறோம். கொதிநீரில் போட்டு எடுப்பது கிருமிநீக்கம் ஆகாது. பாக்டீரியாவின் வித்துகள் அதில் சாவதில்லை. இரண்டு சதவீத குளூட்டரால்டிஹைடில் பத்து நிமிடம் முக்கி எடுப்பதும் அப்படித்தான். அந்தக் கரைசல் வித்துகளை அழிக்கப் பத்து மணி நேரம் வேண்டும்.

தண்ணீரைப் பற்றி நம் ஊரில் பேச்சே இல்லை. பல் நாற்காலியின் மெல்லிய குழாய்களில் தேங்கும் நீரில் கிருமிகள் படலமாகப் படிந்து வளரும். 2016-ல் கலிஃபோர்னியாவின் அனஹைமில், பால்பற்களுக்குக் கூழ் சிகிச்சை பெற்ற குழந்தைகளிடையே மைக்கோபாக்டீரியத் தொற்று பரவியது. நாற்காலிக் குழாய் நீரே அதற்கு மூலம். பாதிக்கப்பட்ட குழந்தைகள் 71 பேர். பலர் மருத்துவமனையில் சேர்ந்து அறுவை சிகிச்சை செய்துகொண்டார்கள். முளைக்கவிருந்த நிரந்தரப் பற்களை இழந்தவர்களும் அவர்களில் உண்டு. குழாய்களை மருந்திட்டுச் சுத்தம் செய்வதற்கும், நீரில் ஒரு மில்லிக்கு 500-க்கு மேல் கிருமிக் கூட்டங்கள் இல்லை என்று பரிசோதிப்பதற்கும் ஆகும் செலவை அந்த அறுவை சிகிச்சைகளின் பக்கத்தில் வைத்துப் பார்க்கவே முடியாது.

தொற்று சிலருக்கே பரவினாலும் செலவு சிறிதாக இருப்பதில்லை. 2013-ல் அமெரிக்காவின் டல்சா நகரில் ஒரு பல் அறுவை மருத்துவரின் கிளினிக்கில் கிருமிநீக்கம் ஒழுங்காக இல்லை என்று தெரிந்தது. ஏறத்தாழ 7,000 பேரை இரத்தப் பரிசோதனைக்கு அழைக்க வேண்டியிருந்தது. நோயாளியிடமிருந்து நோயாளிக்குப் பரவியதாக மரபணுச் சோதனையில் உறுதியானது ஒரே ஒரு ஹெபடைடிஸ் சி தொற்று. அதற்காக ஒரு மாநிலத்தின் சுகாதாரத் துறையே ஆயிரக்கணக்கானவர்களைச் சோதித்தது. மறு ஆண்டு இங்கிலாந்தின் நாட்டிங்ஹம் அருகே 22,000 பேரை அப்படி அழைத்தார்கள். எத்தனை பேர் முடிவு வரும்வரை தூக்கமில்லாமல் கிடந்திருப்பார்கள் என்பதற்குக் கணக்கே கிடையாது. நம்மிடம் இந்த அழைப்பும் நடப்பதில்லை. நோயாளி பதிவேடு ஒழுங்காக இல்லாத கிளினிக்கில் யாரை அழைப்பது? பெயர், தொலைபேசி எண், சிகிச்சை நாள், அன்று ஓடிய ஆட்டோகிளேவ் சுற்றின் எண் ஆகிய நான்கையும் ஒவ்வொரு கிளினிக்கும் எழுதி வைக்க வேண்டும் என்று கோருகிறோம்.

உதவியாளர்களின் நிலை எங்களுக்கு மிகுந்த வருத்தம் தருவது. குறைந்த சம்பளத்துக்கு வேலைக்கு வந்து, பயிற்சியின்றி வெறுங்கையால் கூர்மையான கருவிகளைக் கழுவும் பெண்கள் இவர்கள். நோயாளிக்கு ஹெபடைடிஸ் பி இருந்து, தடுப்பூசி போடாதவருக்கு ஊசி குத்தினால், அந்த நோய் தொற்றும் வாய்ப்பு 30 சதவீதம் வரை உண்டு. மூன்று தவணைத் தடுப்பூசியின் விலையோ சில நூறு ரூபாய்களில் அடங்கும். அதை வேலையில் சேர்ந்த நாளிலேயே கிளினிக்கின் செலவில் தொடங்க வேண்டும். தடித்த கையுறையும் தர வேண்டும். ஊசி குத்தினால் நேரும் செலவு முழுவதும் முதலாளியுடையது.

சட்டங்களுக்குக் குறைவில்லை. 1997-ஆம் ஆண்டுச் சட்டப்படி கிளினிக்கைப் பதிவு செய்ய வேண்டும். 2016-ஆம் ஆண்டின் மருத்துவக் கழிவு விதிகள் படுக்கை வசதி இல்லாத கிளினிக்குகளையும் கட்டுப்படுத்துகின்றன. 1995-ஆம் ஆண்டு உச்ச நீதிமன்றத் தீர்ப்புக்குப் பின் நோயாளி நுகர்வோர் ஆணையத்தில் இழப்பீடு கேட்கலாம். ஆனால் எந்தக் கிருமி எந்தக் கிளினிக்கிலிருந்து வந்தது என்று ஒரு தனிக் குடும்பம் நிரூபிப்பது அநேகமாக முடியாத காரியம். வாணியம்பாடியில் அதைக் கண்டுபிடிக்கப் பெரிய நிறுவனங்கள் கூட வேண்டியிருந்தது. ஆகவே வழக்குக்குப் பயந்து கிளினிக்குகள் திருந்தும் என்று நாங்கள் நம்பவில்லை. மரணத்துக்குப் பின் வைக்கும் சீலும் தாமதமானது. மாவட்ட நலப்பணிகள் இணை இயக்குநர் அலுவலகம் முன்னறிவிப்பில்லாமல் வந்து ஆட்டோகிளேவ் பதிவேட்டையும் அது வித்துகளை அழிக்கிறதா என்று பார்க்கும் வாராந்தரச் சோதனையின் முடிவையும் பார்க்க வேண்டும். குறை கண்டால் அதைப் பொதுமக்கள் படிக்கும்படி வெளியிட வேண்டும். தொழில்முறைக் காப்பீடு இல்லாத கிளினிக்குக்குப் பதிவு புதுப்பிக்கக் கூடாது. அப்போதுதான் பாதிக்கப்பட்டவருக்கு இழப்பீடு கொடுக்கப் பணம் இருக்கும்.

சிறு ஊர்களில் தனியாக நடத்தும் இளம் மருத்துவர்களின் நெருக்கடியையும் அறிவோம். கடன் வாங்கி நாற்காலி போட்டவரிடம், பக்கத்துத் தெருவில் முந்நூறுக்குப் பல் எடுக்கிறார்கள் என்று நோயாளி பேரம் பேசுகிறார். அவர்களுக்கு ஆட்டோகிளேவும் கூடுதல் கருவிகளும் வாங்க அரசு குறைந்த வட்டியில் கடன் தர வேண்டும். கிருமிநீக்கத்துக்கெனத் தனிக் கட்டணம் போடுவதை நாங்கள் எதிர்க்கிறோம். ரசீதில் தனி வரியாக வந்தால், வேண்டாமென்றால் விட்டுவிடலாம் என்ற எண்ணம் இரு தரப்பிலும் வரும். கட்டணம் ஒன்றாகவே இருக்கட்டும், தேவையென்றால் அதை உயர்த்தட்டும். இதற்குக் கீழே இறங்கிச் சிகிச்சை தர முடியாது என்று நோயாளியிடம் நேராகச் சொல்லும் மருத்துவருக்கு எங்கள் அமைப்பு துணை நிற்கும்.

நோயாளிகளுக்கு ஒரு வேண்டுகோள். கருவி இருக்கும் உறையை உங்கள் கண்முன்னே பிரிக்கச் சொல்லுங்கள். சலைன் பாட்டில் உங்களுக்காகத்தான் திறக்கப்பட்டதா என்று கேளுங்கள். அப்படிக் கேட்பதை அவமதிப்பாக எடுத்துக்கொள்ளக் கூடாது என்று எங்கள் உறுப்பினர்களுக்கு அறிவுறுத்தியிருக்கிறோம். கேட்டதற்காகக் கோபப்படும் கிளினிக்கில் வாயைத் திறக்காமல் எழுந்து வந்துவிடுங்கள்.