வலி இல்லைன்னா விட்டுடலாமா?

உங்கள் வீட்டு இரண்டு வயது வாண்டு நன்றாகத்தான் விளையாடிக் கொண்டிருக்கிறது. ஆய் போகும்போது பார்த்தால், அரக்கு நிறத்தில் ரத்தம்! பதறிப்போய் வயிற்றை அமுக்கிப் பார்க்கிறீர்கள். குழந்தையோ சிரிக்கிறது. "வலிக்கலையே... சூட்டுல வந்திருக்கும். வெந்தயத்தை ஊற வெச்சுக் குடு" என்கிறார் பாட்டி. "மூலமா இருக்கும்" என்கிறார் பக்கத்து வீட்டு மாமி.

எனக்குக் கோபமெல்லாம் அந்த 'வலிக்கலையே' மேல்தான். ஆசனவாயில் வெடிப்பு இருந்தால் குழந்தை வீரிட்டு அழும். ரத்தமும் மலத்தின் மேல் கோடு போட்ட மாதிரி கொஞ்சமாகத்தான் வரும். மூலம் இந்த வயதில் அபூர்வம். வலியே இல்லாமல் நிறைய ரத்தம் போனால், முக்கியமாகச் சந்தேகிக்க வேண்டியது 'மெக்கல் டைவர்ட்டிகுலம்'. 1809-ல் இதை விளக்கிய ஜெர்மன் உடற்கூறு நிபுணர் மெக்கலின் பெயர் அது.

அது என்ன? கரு உருவாகும் புதிதில், அதன் குடலுக்கும் மஞ்சள்கருப் பைக்கும் நடுவே ஒரு சின்னக் குழாய் இருக்கும். சில வாரங்களில் அது தானாகவே மறைந்துவிட வேண்டும். சிலருக்கு முழுசாக மறையாமல், சிறுகுடலின் கடைசிப் பகுதியில் ஒரு குட்டிப் பையாகத் தங்கிவிடுகிறது. நூறு பேரில் சுமார் 2 பேருக்கு இது உண்டு. பெரும்பாலோருக்கு ஆயுசு முழுக்கத் தெரியவே தெரியாது!

அப்புறம் ரத்தம் ஏன்? சில பைகளுக்குள் இரைப்பையின் உள்சவ்வு இடம் மாறி வந்து உட்கார்ந்திருக்கும். எங்கே இருந்தால் என்ன, அதன் வேலை அமிலம் சுரப்பதுதானே! இரைப்பைக்கு அந்த அமிலத்தைத் தாங்கும் பாதுகாப்பு உண்டு. பக்கத்திலிருக்கும் சிறுகுடலுக்கு அவ்வளவு கிடையாது. அது புண்ணாகி, புண் ரத்தக் குழாயை அரிக்க, ரத்தம் கொட்டுகிறது.

வாய் வழியாகவோ ஆசனவாய் வழியாகவோ விடும் சாதாரண எண்டாஸ்கோப்பி அந்த இடத்தை எட்டாது. டெக்னீஷியம் என்ற கதிரியக்க மருந்தை ஊசியில் ஏற்றி ஸ்கேன் எடுப்பார்கள். இரைப்பைச் சவ்வு எங்கிருந்தாலும் அந்த மருந்தை இழுத்துக்கொள்ளும். படத்தில் தனியாகத் தெரியும். ஸ்கேனில் தெரியாமல் போவதும் உண்டு. அதற்காக, மறுபடி ரத்தம் போனால் சும்மா இருந்துவிடாதீர்கள். ரத்தம் கொட்டும் பையை ஆபரேஷன் செய்து எடுத்துவிடலாம்.

பீட்ரூட் சாப்பிட்டாலும் மலம் சிவக்கும், வாஸ்தவம்தான். ஆனால் குழந்தை வெளிறிப் போய், சோர்ந்து, நெஞ்சு படபடவென்று அடித்தால் பீட்ரூட் கணக்கெல்லாம் வேண்டாம்; ராத்திரி ஆனாலும் ஆஸ்பத்திரிக்கு ஓடுங்கள். ரத்தம் பட்ட துணியை அலசிப் போடாமல் அப்படியே கவரில் எடுத்துப் போங்கள். அந்த நிறத்தை டாக்டர் பார்க்க வேண்டும்.