பூட்டிய வீடும் வாடகை அறையும்



ஓவியக் கண்காட்சிக்கும் நமக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்பவர்கள் நம்மிடையே உண்டு. கேட்பதில் நியாயமும் உண்டு. பொம்மசந்திராவில் ஷிப்டு முடித்து, சந்தாபுரா சர்க்கிளில் இறங்கி, குழாயில் தண்ணீர் வந்துவிட்டதா என்று ஓடுகிறவனுக்கு ஓவியம் எதற்கு? ஆயினும் யாழ்ப்பாணத்து ஓவியர் தா. சனாதனன் செய்திருக்கும் காரியத்தை நாம் அறிந்துகொள்ளத்தான் வேண்டும். ஏனென்றால் அவர் எடுத்துக்கொண்ட கேள்வி நம்முடைய கேள்வி. வீடு என்பது எது?

யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தில் கலை பயிற்றும் இவர், போரினால் இடம்பெயர்ந்த தமிழ் பேசும் மக்களிடம் சென்று, விட்டுவந்த வீட்டை நினைவிலிருந்து வரைந்து தரக் கேட்டார். கோணல்மாணலாக அவர்கள் போட்ட கோடுகளைக் கட்டடக் கலைஞரைக் கொண்டு அளவாக வரையச் செய்தார். வீட்டின் கதையைக் கேட்டுத் தாமும் ஒரு சித்திரம் தீட்டினார். இப்படி 80 வீடுகள். 2011இல் இவை ஆங்கிலத்தில் நூலாக வந்தன. ‘முற்றுப்பெறாத தோம்பு’ என்பது அந்த நூற்பெயரின் பொருள்.

தோம்பு என்றால் என்ன? போர்த்துக்கீசரும் பின்னர் டச்சுக்காரரும் இலங்கையில் வைத்திருந்த நிலப் பதிவேடு அது. யாருடைய நிலம், எவ்வளவு நிலம், என்ன வரி என்பதற்கு மேல் ஆண்டவர்களுக்கு வேறொன்றும் தேவைப்படவில்லை. எந்தத் திண்ணையில் பாட்டி உட்கார்ந்திருந்தாள் என்று எந்தத் துரை கேட்டான்? இன்றைய தாலுக்கா ஆபீசில்தான் யார் கேட்கிறார்கள்? சனாதனனின் தோம்பில் வீட்டைப் பற்றிப் பேசும் உரிமை அதில் வாழ்ந்தவருக்கே தரப்பட்டிருக்கிறது.

இதற்கு முன்பே, 2010இல், கனடாவின் வான்கூவர் நகரத்து மானிடவியல் அருங்காட்சியகத்தில், அங்கே குடியேறிய ஈழத் தமிழரிடம் வீட்டை நினைவூட்டும் பொருள்களைக் கேட்டு வாங்கிக் காட்சியாக்கினார். 2016 டிசம்பரில் தொடங்கிய கொச்சி பினாலேயிலோ, நூலகங்களில் பழைய நாளில் இருந்த அட்டைப்பெட்டி அலமாரியைப் போல ஒன்றை நிறுத்தினார். பார்க்க வருகிறவர் இழுப்பறையை இழுத்து, போரில் பிழைத்தவர்களின் அனுபவத்தை அட்டை அட்டையாகப் படிக்கலாம். 1981இல் எரிக்கப்பட்ட யாழ்ப்பாண நூலகத்தை நினையாமல் எந்தத் தமிழனால் அந்த இழுப்பறையைத் தொட முடியும்? தள்ளி நின்று பார் என்று சொல்லாத கலை இது. கையை வைத்தால்தான் கதை கிடைக்கும். கொச்சிக்கு ரயிலேறிப் போய்ப் பார்த்த கூலிக்காரர் எத்தனை பேர் என்று கேட்டால் விடை நமக்குத் தெரிந்ததே. அது ஓவியரின் குற்றமன்று.

ஈழத்து மக்களின் இழப்பையும் நம்முடைய நிலைமையையும் ஒரே தராசில் வைத்துப் பேசக்கூடாது. அங்கே வீட்டின் மேல் குண்டு விழுந்தது. கிருஷ்ணகிரியிலும் தருமபுரியிலும் திருவண்ணாமலையிலும் நம்மைக் கிளப்பியது வற்றிய கிணறும் வட்டிக் கடனும். 1991 டிசம்பரில் காவிரிப் பிரச்சனையையொட்டிப் பெங்களூரில் தமிழர்மீது வன்முறை மூண்டபோது உயிருக்கு அஞ்சி எல்லை தாண்டியவர்கள் இருக்கிறார்கள். அவர்களுக்கு மட்டும் அந்த 80 வீடுகளின் பயம் கொஞ்சம் புரியும். மற்றவர்களாகிய நமக்கு வீடு பறிபோகவில்லை. பூட்டிக் கிடக்கிறது.

இங்கேதான் நம்முடைய பிழைப்பின் பெரிய முரண்பாடு இருக்கிறது. பத்துக்குப் பத்து லைன் வீட்டில் ஐந்து பேர் படுத்து, வாய்க்கும் வயிற்றுக்கும் குறைத்து, ஊரில் மெத்தை வீடு கட்டுகிறோம். பொங்கலுக்கு நாலு நாள், மாரியம்மன் பண்டிகைக்கு இரண்டு நாள் திறக்கிறோம். மற்ற நாளெல்லாம் அதில் பல்லிதான் குடித்தனம். அதுதான் நம் வீடு, இது வெறும் தங்குமிடம் என்று மனத்தில் எழுதிக்கொண்டதால், இங்கே சாக்கடை தேங்கினாலும் ஓனர் நினைத்தபோது வாடகையை ஏற்றினாலும் வாயைத் திறப்பதில்லை. ‘நமக்கென்ன, நாளைக்கு ஊருக்குப் போய்விடுவோம்’ என்கிறோம். அந்த நாளை வருவதற்குள் பிள்ளைக்குக் கல்யாண வயது வந்துவிடுகிறது.

சட்டமாவது அந்தப் பூட்டிய வீட்டை மதிக்கிறதா? 1950ஆம் ஆண்டின் மக்கள் பிரதிநிதித்துவச் சட்டம், 20ஆம் பிரிவைப் பாருங்கள். ஓரிடத்தில் வீடு சொந்தமாக இருக்கிறது என்ற ஒன்றை மட்டும் வைத்து ஒருவர் அங்கே வழக்கமாக வசிப்பவராகக் கருதப்படமாட்டார். தற்காலிகமாக வெளியூர் போனதால் மட்டும் அந்தத் தகுதி போய்விடாது என்றும் அதே பிரிவு சொல்கிறது. ஆனால் எது தற்காலிகம்? பதினைந்து வருஷம் தற்காலிகமா? 2025 நவம்பரில் தமிழ்நாட்டில் வாக்காளர் பட்டியல் சிறப்புத் தீவிரத் திருத்தம் தொடங்கி, படிவத்தோடு அதிகாரிகள் வீடு வீடாக வந்தபோது, நம்மில் பலருடைய வாசலில் பூட்டுத்தான் பதில் சொல்லிற்று. ஊரில் ஆள் இல்லை, இங்கே பெயர் இல்லை என்றால், நாம் எந்த ஊர்க் குடிகள்?

ஊர் வீட்டை மறக்கச் சொல்லவில்லை. தாய் தகப்பன் கண்மூடிய மண்ணை யார் மறப்பார்? வாழ்கிற இடத்தையும் வீடு என்று சொல்லத் துணியவேண்டும், சொன்னால்தான் அதற்குரியதைக் கேட்க வாய் வரும் என்பதே என் கருத்து. சந்தாபுராவிலேயே பிறந்து, கன்னடப் பள்ளியில் படித்து, வீட்டுக்குள் தமிழ் பேசும் நம் பிள்ளைகளிடம் வீட்டை வரையச் சொன்னால் எதை வரைவார்கள்? பாட்டி வீட்டுப் புளியமரத்தையா, மாடிப்படிக்குக் கீழே அடுப்பு வைத்த இந்த அறையையா?

சங்கம் இதைச் செய்து பார்க்கலாம். பெரிய மண்டபம் வேண்டாம். ஒரு ஞாயிற்றுக்கிழமையும் நோட்டுத்தாளும் பென்சிலும் போதும். குடும்பத்துக்கு இரண்டு படம், ஊர் வீடு ஒன்று, இங்குள்ள வீடு ஒன்று. பெரியவர்கள் வரையும்போது பிள்ளைகள் பக்கத்தில் இருக்கட்டும். ஊர்க் கதையைக் கேட்க அவர்களுக்கு வேறு நேரம் ஏது? இங்குள்ள வீட்டை வரைகிறவர்கள் குழாய் எங்கே, கக்கூஸ் எத்தனை குடும்பத்துக்கு ஒன்று, மழைத்தண்ணீர் எதுவரை ஏறுகிறது என்பதையும் கட்டாயம் குறிக்கவேண்டும். அந்தத் தாள்களைச் சுவரில் ஒட்டிப் பார்த்த பிறகு, ஒரு கட்டாகக் கட்டிப் புரசபைக்கு எடுத்துச் செல்லலாம்.