சோறு போடும் சாயமும் மெழுகும்!

கிராமத்தில் சில நாட்கள் தங்கி, அவுரி நீலச் சாயம் ஏற்றுவது, இலை தழைகளை வெயிலில் வைத்து நீல அச்சு எடுப்பது, மெழுகால் துணியில் சித்திரம் எழுதுவது எல்லாம் சொல்லித்தரும் முகாம்கள் இப்போது நடக்கின்றன. பெண் பிள்ளை போகணும்னு கேட்டால், "படிக்கிற வேலையைப் பாரு, இது சோறு போடுமா?" என்பதுதான் பல வீடுகளில் பதில்.

போடும் சகோதரிகளே! சென்னை ஓவியக் கல்லூரி முதல்வராக இருந்த கே.சி.எஸ்.பணிக்கரும் அவரிடம் படித்தவர்களும் 1966-ல் ஈஞ்சம்பாக்கத்தில் சோழமண்டலம் கலைஞர் கிராமத்தை உருவாக்கினார்கள். ஓவியத்தை வாங்க ஆள் குறைவு. மெழுகு வைத்துச் சாயம் தோய்க்கும் பாடிக் துணிகளும் கைவினைப் பொருட்களும் விற்ற காசுதான் நிலம் வாங்கவும் காலம் தள்ளவும் கைகொடுத்தது.

அவ்வளவு தூரம் போவானேன்? எங்கள் ஆத்தூர் தாலுகா சின்னாளபட்டி சுங்குடிச் சேலை எத்தனை குடும்பங்களைக் காப்பாற்றியிருக்கிறது! அதிலும் மெழுகு அச்சு உண்டு. மெழுகு பட்ட இடத்தில் சாயம் ஏறாது. கொதிநீரில் மெழுகை எடுத்ததும் பூ பளிச்சென்று தெரியும். பட்டணத்துப் பெண் முகாமில் செய்தால் கலை என்கிறோம். பக்கத்துத் தெரு அக்கா செய்தால் கூலி வேலை என்கிறோம். இது என்ன நியாயம்?

முகாமுக்குப் பணம் கட்ட முடியாதவர்கள், லீவில் மகளை இப்படிப்பட்ட அக்காக்களிடம் அனுப்பலாமே! ஓசியில் வேண்டாம், சம்பளம் கொடுத்தே கற்கட்டும். மார்க் ஷீட்டோடு ஒரு கைத்தொழிலும் இருந்தால், நாளைக்கு நூறு ரூபாய்க்குக்கூட அவள் யாரிடமும் கையேந்த வேண்டியதில்லை.

- ஒரு வாசகி, ஆத்தூர், திண்டுக்கல் மாவட்டம்.