ஃபயர்வாலை அணைத்தால் கோளாறு தீர்ந்துவிடுமா?

வீட்டிலிருந்து வி.பி.என். வழியே அலுவலகத்தோடு இணைந்தாயிற்று. ஷேர்டு ஃபோல்டர் மட்டும் திறக்கவில்லை. தனியாகக் கணினிப் பிரிவு இல்லாத அலுவலகங்களில் அப்போது கை முதலில் போவது ஃபயர்வாலை அணைக்கத்தான். அதற்கும் மசியாவிட்டால் ஃபோல்டரில் எல்லோருக்கும் முழு அனுமதி. அப்படியும் முடியாவிட்டால் ரூட்டரில் கோப்புப் பகிர்வுக்கான 445-ஆம் போர்ட்டை இணையத்துக்கே திறந்துவிடுவது. எப்படியோ ஃபோல்டர் திறந்துவிடும், வேலையும் ஓடும். எது கெட்டிருந்தது என்பது கடைசிவரை தெரியாது. எதையெல்லாம் திறந்துவைத்தோம் என்பதும் நாளடைவில் மறந்துபோகும். மூலக் கோளாறைவிட இந்த வைத்தியம்தான் ஆபத்தானது.

வி.பி.என். செய்வதெல்லாம் வீட்டுக் கணினிக்கும் அலுவலகத்துக்கும் இடையே மறையாக்கம் செய்த ஒரு பாதை போடுவதுதான். ஒரே கூரையின்கீழ் உள்ள கணினிகளுக்குத் தானாகக் கிடைக்கும் வசதிகள் அந்தப் பாதையில் கூடவே வருவதில்லை. சிறு அலுவலகத்துக்குள் சர்வரின் பெயரைத் தட்டினால், அந்தப் பெயருக்கு உரியவர் யார் என்று விண்டோஸ் அக்கம்பக்கத்துக் கணினிகளிடம் கூவிக் கேட்டுக்கூடக் கண்டுபிடித்துவிடும். அந்தக் கூவல் ரூட்டரைத் தாண்டாது. ஆகவே பெயரால் திறக்காத ஃபோல்டர் ஐ.பி. முகவரியால் திறந்தால், பெயரை முகவரியாக மாற்றித்தரும் அலுவலக டி.என்.எஸ். சர்வரின் முகவரி வி.பி.என். அமைப்பில் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். முகவரியாலும் திறக்கவில்லையா? இரு பக்க ரூட்டர்களையும் கவனியுங்கள். வீட்டிலும் அலுவலகத்திலும் 192.168.1 என்றே முகவரிகள் தொடங்கினால், கணினி அலுவலகச் சர்வரை வீட்டுக்குள்ளேயே தேடிவிட்டுக் கைவிரிக்கும். எத்தனை ஃபயர்வாலை அணைத்தாலும் இது தீராது. அலுவலகத்தின் எண்வரிசையை மாற்றுவதுதான் நிலையான வழி. ஃபயர்வாலே தடுக்கும் நேரங்களும் உண்டு. 'பிரைவேட்' வலையமைப்பில் விண்டோஸின் கோப்புப் பகிர்வு விதி இயல்பாக உள்ளூர் சப்நெட்டை மட்டுமே ஏற்கும். வி.பி.என்.னில் வருபவருக்கு வேறு எண்வரிசை என்றால் அவர் அதற்கு அந்நியர். விதியில் அந்த எண்வரிசையைச் சேர்த்தால் போதும், சுவரையே இடிக்க வேண்டியதில்லை.

"வி.பி.என். பாதுகாப்பானதுதானே, உள்ளே ஃபயர்வால் எதற்கு?" என்று கேட்பவர்கள் 2017 மே 12-ஐ நினைத்துப்பார்க்கலாம். அன்று பரவத் தொடங்கிய வானாக்ரை என்ற தீம்பொருள், கோப்புப் பகிர்வுக்கான எஸ்.எம்.பி. நெறிமுறையின் பழைய முதல் பதிப்பிலிருந்த ஓட்டையில், அதே 445-ஆம் போர்ட் வழியாகத்தான் நுழைந்தது. மைக்ரோசாஃப்ட் அந்த ஓட்டையை அடைக்கும் திருத்தத்தை மார்ச் 14-ஆம் தேதியே வெளியிட்டிருந்தும், பிரிட்டனின் தேசிய மருத்துவச் சேவை உட்படப் பல நாட்டு நிறுவனங்கள் சிக்கின. ஒரு கணினியிலிருந்து அடுத்ததற்குத் தாவ, யாரும் எதையும் சொடுக்க வேண்டியிருக்கவில்லை. வீட்டுக் கணினியில் அப்படியொன்று புகுந்திருந்தால், வி.பி.என். அதையும் மறையாக்கம் செய்து பத்திரமாக அலுவலகத்துக்குள் கொண்டுவந்து சேர்க்கும்.

சோதித்துப் பார்க்க ஆள் எங்கே என்பது நியாயமான கேள்வி. ஆனால் பவர்ஷெல்லில் 'டெஸ்ட்-நெட்கனெக்‌ஷன்' கட்டளையோடு சர்வரின் முகவரியையும் 445 என்ற எண்ணையும் கொடுத்தால், போர்ட் எட்டுகிறதா இல்லையா என்று ஒரே வரியில் பதில் வந்துவிடும். எட்டியும் திறக்காவிட்டால் பாதையை விட்டுவிட்டுப் பயனர் பெயர், பாஸ்வேர்டு, ஃபோல்டர் அனுமதி ஆகியவற்றைப் பார்க்கலாம். எல்லாவற்றையும் கிளவுடுக்கு மாற்றிவிடலாமே என்ற வாதத்தில், கடிதங்களையும் எக்செல் தாள்களையும் பொறுத்தவரை உண்மை இருக்கிறது. ஆனால் டேலி போன்ற கணக்கு மென்பொருளின் தரவை வி.பி.என். வழியே ஷேர்டு ஃபோல்டரிலிருந்து திறப்பது, எல்லாம் சரியாக இருந்தாலும் நொண்டும். சின்னச் சின்னக் கேள்வி பதில்களாகவே அது போய்வருவதால் தொலைவின் தாமதம் ஒவ்வொரு முறையும் கூடிக்கொண்டே போகும். அத்தகைய மென்பொருளைப் பயன்படுத்துபவர்களுக்கு, அதே வி.பி.என்.னுக்குள் ரிமோட் டெஸ்க்டாப் மூலம் அலுவலகக் கணினியிலேயே வேலை செய்வதுதான் தோது.