தேனீக்குப் பெயரிடும் அவசரம்

ஒரு தேனீயின் ஒளிப்படத்தைப் பார்த்த மறுகணமே அதன் இருசொல் இலத்தீன் பெயரைச் சொல்லிவிடுவதுதான் புலமை என்ற எண்ணம் நம் இயற்கை ஆர்வலர்களிடையே வேரூன்றிவிட்டது. ‘பேரினம் வரைதான் சொல்ல இயலும்’ என்று எழுதுபவர் அரைகுறை ஆகிறார். துணிந்து முழுப்பெயர் சொல்பவருக்குப் பாராட்டு கிடைக்கிறது. இந்த மதிப்பீடு தலைகீழானது என்பதே என் தரப்பு.

உலகில் இதுவரை விவரிக்கப்பட்டுள்ள தேனீச் சிற்றினங்கள் ஏறத்தாழ 20,000. நம்மில் பலர் அறிந்தவை மலைத்தேனீ, அடுக்குத்தேனீ, கொம்புத்தேனீ, கொசுத்தேனீ, பெட்டிகளில் வளர்க்கப்படும் இத்தாலியத் தேனீ என ஐந்தே. எஞ்சியவற்றில் பெரும்பாலானவை தேனடை கட்டாதவை. மண்ணிலும் காய்ந்த தண்டிலும் மரத்துளையிலும் தனித்தனியே கூடமைப்பவை. இவற்றைப் பிரித்தறியும் அடையாளங்கள் பெரும்பாலும் நிறத்தில் இல்லை. இறகு நரம்புகளுக்கிடையே அமைந்த அறைகள், வாயுறுப்புகளின் நீள விகிதம், மார்புப் பரப்பிலுள்ள நுண்குழிகளின் நெருக்கம், சில பேரினங்களில் ஆணின் இனப்பெருக்க உறுப்பின் வடிவம் ஆகியவற்றில் இருக்கின்றன. இவற்றைக் காண நுண்ணோக்கி வேண்டும். பூவின்மேல் அமர்ந்த தேனீயின் முதுகை மட்டும் காட்டும் படத்தில் இவற்றை எங்கே தேடுவது?

பிரிட்டனின் கதையைப் பாருங்கள். தேனீக்களை நெடுங்காலமாக, மிக நுணுக்கமாகக் கவனித்துவரும் நாடு அது. அங்கே வெண்வால் பம்பிள் தேனீ என்று அழைக்கப்பட்டதற்குள் பாம்பஸ் லூகோரம், கிரிப்டாரம், மேக்னஸ் என்று மூன்று சிற்றினங்கள் ஒளிந்திருக்கின்றன. இவற்றின் வேலைக்காரத் தேனீக்களை நிறத்தை வைத்து நம்பகமாகப் பிரிக்க முடியாது. மரபணுச் சோதனை தேவை. கண்ணெதிரே உயிருடன் பிடித்து வைத்துப் பார்த்தாலே இந்த நிலை என்றால், கைப்பேசிப் படத்தை வைத்து அடித்துச் சொல்பவரின் துணிவை என்னவென்று சொல்வது?

‘பலர் ஒத்துக்கொண்டிருக்கிறார்களே’ என்பது அடுத்த வாதம். 2008இல் தொடங்கிய ஐநேச்சுரலிஸ்ட் தளத்தில், மூன்றில் இரண்டு பங்கினருக்கு மேல் உடன்பட்டால் ஒரு பதிவு ‘ஆய்வுத் தரம்’ பெற்றுவிடுகிறது. இரண்டு பேரே போதும். முதலாமவர் சொன்னதை இரண்டாமவர் மரியாதைக்காக வழிமொழிந்தாலும் கணக்கு ஒன்றுதான். தக்க உரிமம் கொண்ட அத்தகைய பதிவுகள் கோபன்ஹேகனில் செயலகம் கொண்ட உலகப் பல்லுயிர்த் தரவுத்தளத்துக்குச் செல்கின்றன. ஆய்வாளர்கள் அங்கிருந்து எடுத்துப் பரவல் வரைபடம் வரைகிறார்கள். எந்த உயிர் எங்கே அருகிவருகிறது என்ற முடிவுகளுக்கும் அவை அடிப்படையாகின்றன. படத்துக்குப் பெயர் சொல்லும் செயலிகளும் இதே பெயர்களைக் கொண்டுதான் பயிற்றுவிக்கப்படுகின்றன. நாம் தவறாகச் சொன்னதைச் செயலி நமக்கே திருப்பிச் சொல்கிறது. செயலியே சொல்லிவிட்டது என்று நாம் மகிழ்ந்துபோகிறோம்.

ஒளிப்படமே வீண் என்று நான் சொல்லவில்லை. அமெரிக்காவில் 2017இல் அருகிவரும் உயிரினப் பட்டியலில் சேர்க்கப்பட்ட பாம்பஸ் அஃபினிஸ் என்ற பம்பிள் தேனீயின் வேலைக்காரிகளுக்கு வயிற்றின் இரண்டாம் கண்டத்தில் துருநிறத் திட்டு உண்டு. அது தெளிவாகத் தெரியும் படம் நல்ல சான்று. உலகின் மிகப்பெரிய தேனீயான மெகாகைல் புளூட்டோ, 2019இல் இந்தோனேசியாவில் உயிருடன் படமெடுக்கப்பட்டபோது எவருக்கும் ஐயம் எழவில்லை. அந்த உடலும் தாடையும் வேறெதற்கும் இல்லை. வேறுபடுத்தும் அடையாளம் படத்தில் விழுந்திருக்கிறதா என்பதே கேள்வி. படத்தின் அழகுக்கு இதில் இடமில்லை.

‘அப்படியானால் தேனீயைக் கொன்று ஊசியில் குத்தச் சொல்கிறீர்களா?’ என்று கருணையாளர்கள் சினக்கிறார்கள். எல்லோரும் அல்ல; பயின்றவர்கள், தேவையான இடத்தில், சிலவற்றை மட்டும். அருங்காட்சியகப் பெட்டியிலுள்ள மாதிரியை நூறாண்டு கழித்தும் ஒருவர் எடுத்துப் புதிய கேள்வியோடு பார்க்கலாம். படத்தில் விழாமல் போனது என்றைக்கும் விழாமல் போனதே. ஒரு வரப்பின் களைப்பூக்கள் முழுவதையும் மருந்தடித்துக் கருக்கும்போது வராத சினம் ஒரு மாதிரிக்காக மட்டும் வருவதில் எனக்கு நம்பிக்கையில்லை.

இலக்கிய வாசகர்களுக்கு இந்த ஒழுக்கம் புதிதன்று. புறநானூற்றின் 267, 268ஆம் பாடல்கள் கிடைக்கவில்லை. வேறு பல பாடல்களில் அடிகள் சிதைந்துள்ளன. 1894இல் அதைப் பதிப்பித்த உ.வே.சாமிநாதையரின் புலமைக்கு அந்த இடங்களைத் தாமே யாத்து நிரப்புவது கடினமா? அவர் அதைச் செய்யவில்லை. விடுபட்டதை விடுபட்டதாகவே விட்டதால்தான் எஞ்சிய பாடத்தை நாம் நம்புகிறோம்.

தேனீக்களுக்கும் அந்த மரியாதையைத் தருவோம். முதுகை மட்டும் எடுக்காமல் முகத்தையும் இறகையும் பின்காலையும் வயிற்றின் அடிப்பக்கத்தையும் படமெடுங்கள். இலைவெட்டித் தேனீ மகரந்தம் சுமப்பது அந்த அடிப்பக்கத்தில்தான். இடம், நாள், அமர்ந்த செடி மூன்றையும் எழுதுங்கள். அதற்குப் பிறகும் அடையாளம் தெரியவில்லையெனில் பேரினத்தோடு நிறுத்துங்கள். இதற்கு மேல் சொல்ல இயலாது என்று குறிக்க அத்தளத்திலேயே வழி இருக்கிறது. அதைப் பயன்படுத்துபவரையே நான் புலமையுள்ளவர் என்பேன்.