நிரூபிக்க வேண்டியவர் யார்?

1948ஆம் ஆண்டின் 18ஆம் இலக்கப் பிரசாவுரிமைச் சட்டத்தின் 7ஆம் பிரிவு மனிதாபிமானம் மிக்கது. பெற்றோர் யாரெனத் தெரியாமல் இலங்கையில் கண்டெடுக்கப்படும் பச்சிளம் குழந்தையை, மாறாக நிரூபிக்கப்படும் வரை, வம்சாவளிப் பிரஜையாகவே கருத வேண்டும் என்கிறது அது. பண்டாரவளைத் தோட்டமொன்றின் லயத்தில், தாயும் தகப்பனும் அருகிருக்கப் பிறந்த மலையகத் தமிழருக்கு அதே சட்டம் அந்த அனுமானத்தை மறுத்தது. தகப்பன் இங்கே பிறந்தவர், அல்லது பாட்டனும் பூட்டனும் இங்கே பிறந்தவர்கள் என்று அவரே காட்ட வேண்டியிருந்தது. பிறப்புப் பதிவு கட்டாயமானதே 19ஆம் நூற்றாண்டின் இறுதியில்தான் என்னும்போது, பூட்டனின் பிறப்புக்கு எங்கே போய்ச் சான்று தேடுவது?

ஆதாரம் கேட்காத நாடு உண்டா, சட்டம் எல்லோருக்கும் பொதுதானே என்பார்கள். அச்சட்டம் சவாலுக்குள்ளான கோடக்கன் பிள்ளை வழக்கில் 1953இல் பிரிவி கவுன்சிலும் அது செல்லுபடியாகும் என்றே தீர்ப்பளித்தது. ஆனால் பக்கத்துக் கிராமத்துச் சிங்கள விவசாயியிடமும் பாட்டனின் பிறப்புச் சான்றிதழ் இருக்கவில்லை. அவரிடம் எவரும் கேட்கவுமில்லை. சட்டத்தின் வாசகம் பொதுவானது, சந்தேகம் மட்டும் ஒரு சாராருக்கு உரியது. தோட்டத் தொழிலாளியின் பெயரோ நாள்தோறும் செக்ரோல் என்ற வருகைப் பதிவேட்டில் ஏறியது. அவர் இங்கேயே வாழ்ந்ததற்கான சான்று தோட்டக் காரியாலயத்தில் கிடக்க, நிரூபிக்கும் சுமை அவர் தலையில் வைக்கப்பட்டது. பதிவின் மூலம் பிரசாவுரிமை கோர இடமளித்த 1949ஆம் ஆண்டுச் சட்டத்தின் கீழ் சுமார் 8 லட்சம் பேருக்காக விண்ணப்பங்கள் போயின. பிரஜையானவர்கள் ஒன்றரை லட்சத்துக்கும் குறைவு. பிரசாவுரிமையோடு வாக்குரிமையும் போனதால், 1947இல் இலங்கை இந்தியன் காங்கிரஸ் வென்ற 7 ஆசனங்களில் ஒன்றுகூட 1952இல் மிஞ்சவில்லை. தலைமுறைகளாகக் காதில் விழுந்த ‘கள்ளத்தோணி’ என்ற வசைக்கு இப்படித்தான் சட்டமும் துணை நின்றது.

2003ஆம் ஆண்டின் 35ஆம் இலக்கச் சட்டம் இதைத் தீர்த்துவிட்டதே என்பது அடுத்த மறுப்பு. பிரசாவுரிமையைப் பொறுத்தவரை அது உண்மை; அதைப் பெற்றுத் தந்தவர்களுக்கு மலையகம் கடமைப்பட்டிருக்கிறது. ஆனால் அந்தப் பழைய சந்தேகம் மட்டும் இடம் மாறி உட்கார்ந்துகொண்டது. 1987ஆம் ஆண்டின் பிரதேச சபைச் சட்டம் தோட்டங்களைத் தனியார் நிலமாகவே பார்த்தது. வாக்களித்த மக்களின் லயத்துப் பாதைக்குச் சபை தன் பணத்தைச் செலவிட 2018இல் திருத்தம் வரும்வரை காத்திருக்க வேண்டியிருந்தது. இன்றும் லயத்துக் குடும்பங்களில் பெரும்பாலானவை காணி உறுதி இல்லாமலே வாழ்கின்றன. பண்டாரவளை அடங்கும் ஊவாவில் காணி உறுதி வழங்கும்போதாவது நிரூபிக்கும் சுமை இடம் மாற வேண்டும். லயத்தில் வாழ்பவரை அந்த இடத்துக்கு உரியவராகவே பிரதேச செயலகம் கருதட்டும். ஆட்சேபம் இருந்தால் தோட்ட நிர்வாகம் தன் பதிவேடுகளைக் கொண்டுவந்து அதை நிரூபிக்கட்டும்.