வேகமும் விவேகமும்

தமது காருக்குப் பெரிய டர்போசார்ஜர் பூட்ட விழையும் இளைஞர்கள், கடுகண்ணாவை ஏற்றத்தைச் சற்றே எண்ணிப் பார்த்தல் நன்று. மோட்டார் வண்டியையே உலகம் அறியாத 1820களில் கப்டன் டோசன் வகுத்த கண்டிப் பாதையின் வளைவுகள் அங்கே உள.

1905இல் சுவிஸ் பொறியியலாளர் அல்பிரட் பூக்கி காப்புரிமை பதித்த இக்கருவி, எஞ்சின் கழிக்கும் புகையால் சுழன்று, காற்றை அமுக்கி எஞ்சினுக்கு ஊட்டுகிறது. பெரிய சக்கரம் சுழன்றெழத் தாமதமாகும். எஞ்சின் வேகந் தணியாத பந்தயத் தடத்திலே அதுவே வெல்லும். மலைப்பாதையிலோ, அத்தாமதத்தின்பின் வளைவின் நடுவே வலு திடீரெனப் பாய்ந்து காரைச் சறுக்கிவிடக் கூடும். சிறியது விரைந்தெழும், எஞ்சின் அதிவேகங் கொள்கையில் மூச்சுத் திணறும். இரு பாதைக்கும் ஒரே கார் எனில், நடுத்தர அளவே உகந்தது.

குதிரைவலு எவ்வளவென வினவுமுன், பாதை எதுவென வினவுங்கள். பந்தயத் தடத்தில் எதிரே பஸ் வாராது, கடுகண்ணாவையில் வரும்.